ஒப்பெரா மாளிகையின் பிரதம விருந்தினர்

1

என் தங்கை கோமதி ஊரில், கொக்குவிலில் இருக்கிறாள். அக்காவுக்கு லண்டனில் ஒப்பெரா மாளிகையில் வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை. போன மாதத்தோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் முடிந்தது. அதற்காக நிர்வாகம் எனக்கு ஒரு கண்ணாடித் தட்டும் வாழ்த்து அட்டையும் தந்தது. அட்டையில் வதனி என்ற என் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். முதல் வருடம் மூன்று பிழை விட்டார்கள். முன்னேற்றம்தான்.

தட்டின் படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா, அங்க வாற பாட்டுக்காரர் எல்லாம் உங்களோட கதைப்பினமோ?"

"ஓம், ஓம். கதைப்பினம்" என்றேன்.

அவள் மனதில் சரவிளக்கும், சிவப்புக் கம்பளமும், முழங்கை வரை கையுறை போட்ட சீமாட்டிகளும் இருக்கிறார்கள். அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் உண்மையைச் சொல்லலாம், கொக்குவிலில் போய்ச் சொல்லாமல் இருந்தால். நான் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். எல்லாக் கதவுகளுக்குமான திறப்புக் கோர்வை என் இடுப்பில் இருக்கும். கழிப்பறை அடைத்தால் நான், மின்குமிழ் போனால் நான், புறா உள்ளே வந்தாலும் நான். முதல் பத்தொன்பது வருடத்தில் அங்கே ஓர் ஒப்பெரா கூட நடந்ததில்லை.

அரச குடும்பம் வந்து போகும் மாளிகையை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது வட லண்டனில், எட்மண்டனுக்குப் போகும் பஸ் பாதையில், கோழி பொரிக்கிற கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் நிற்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில், பியர் காய்ச்சிப் பணம் சேர்த்த ஒரு முதலாளி கட்டியது. குடித்துக் கெட்டுப்போகும் தொழிலாளிகளை நல்ல இசையால் திருத்தலாம் என்று நினைத்தாராம். குடிக்கக் கொடுத்தவரும் அவர்தான். முகப்பில் சுடுமண் தேவதைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்திக்கு மூக்கு இல்லை. உள்ளே குதிரை லாடம் போல வளைந்த இரண்டு மாடிகள். கூரையில் மேகம், மேகத்துக்குள் கொழுத்த குழந்தைகள்.

ஒப்பெரா சில பருவங்கள் நடந்தது. தொழிலாளிகள் திருந்த வரவில்லை. ஆனால் ஊருக்கு ஒரு பெரிய மண்டபம் கிடைத்துவிட்டது. தேர்தல் கூட்டம் நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள் அங்கே பேசினார்கள், அவர்களுக்கு அழுகிய முட்டை எறிந்தவர்களும் அங்கேதான் எறிந்தார்கள். குத்துச்சண்டை நடந்தது. உலக யுத்தத்தில் வீடிழந்தவர்கள் பல்கனியில் பாய் போட்டுப் படுத்தார்கள். பிறகு சினிமா, அதற்குப் பிறகு பிங்கோ என்ற எண் சூதாட்டம். பிங்கோவும் செத்தபோது நாங்கள் வந்தோம்.

2

அங்கே இரண்டு வகை மனிதர் வருவார்கள்.

ஒரு வகை, 'ஒப்பெரா மாளிகையின் நண்பர்கள்' என்ற சங்கத்தினர். அதன் தலைவி ஹிலரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னை 'வட்டானி' என்று கூப்பிடுவாள். அவர்கள் வருடத்தில் ஒருநாள் வந்து, கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மேடைப் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

மற்ற வகை நாங்கள். சனிக்கிழமை அரங்கேற்றம், ஞாயிற்றுக்கிழமை பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு, நடுவில் பழைய மாணவர் சங்க ஆண்டு விழா. ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சங்கம் இருக்கும். இரண்டும் இரண்டு கிழமை இடைவெளியில், அதே மேடையில், அதே பள்ளிக் கீதத்தைப் பாடி, மற்றச் சங்கம் போலி என்று சொல்லும். எங்கள் ஆட்கள் மேடையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டு மேசையைப் பார்ப்பார்கள், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கூரையைப் பார்ப்பதில்லை. என் காலத்தில் அண்ணாந்து பார்த்த ஒரே தமிழர், கைநழுவிய பலூனைத் தேடியவர்.

மேடைக்கு மேலே, அந்தக் காலத்து ஒப்பெராவில் தெய்வங்களை வானத்திலிருந்து இறக்குவதற்கான கப்பிகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை ஒரு தகப்பன் தன் மகளைப் பிறை நிலாவில் இருத்தி அதிலே இறக்கினார். கயிறு பிடித்தவர் தாய்மாமன். அரைவழியில் நிலா நின்றுவிட்டது. பிள்ளை கால் மணி நேரம் ஆகாயத்தில் இருந்து, கீழே நின்ற தகப்பனைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. வீடியோக்காரர் மட்டும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

ஒப்பெரா என்ற சொல் எங்கள் வாயில் படாத பாடு பட்டது. "வாற ஞாயிறு ஒப்பாரி ஹவுஸில கலியாணம், கட்டாயம் வாங்கோ" என்று ஒரு பெரியவர் தொலைபேசியில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எந்தப் பெரிய விழா என்றாலும் பிரதம விருந்தினர் ஒருவர்தான். டொக்டர் இராசநாயகம். தோல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். மெல்லிய மனிதர், கனத்த சால்வை. "நேரமின்மை காரணமாக இரண்டே இரண்டு வார்த்தை" என்று தொடங்குவார். அந்த இரண்டு வார்த்தை ஐம்பது நிமிடம் நீளும். சமையல்காரர்கள் அவரிடம் ஒலிவாங்கி போனதைக் கேட்டபிறகுதான் ரோல்ஸைப் பொரிக்கத் தொடங்குவார்கள். எல்லோரும் ஆறாமல் சூடாகச் சாப்பிட்டதற்கு அவர்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

3

போன வருடம் கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பனி அதை விற்பதற்கு முடிவு செய்தது. முகப்பை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டுவது திட்டம். மூக்கில்லாத தேவதை நிற்பாள். அவளுக்குப் பின்னால் சமையலறையும் குளியலறையும் வரும். எனக்கு வேலை போகும். உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதிக்கு ஓர் அறிக்கை வேண்டும்: இந்தக் கட்டடத்துக்கு என்ன பெறுமதி, அது இன்றைக்கு ஊருக்கு எதற்குப் பயன்படுகிறது என்று.

அறிக்கை எழுதுகிறவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார்கள். மூன்று பேர், மஞ்சள் தொப்பி போட்டு. நான் கதவைத் திறந்தேன். மூன்றாவது ஆள் என் மகள்.

அபிராமி பழைய கட்டடங்களைப் பற்றி அறிக்கை எழுதும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கட்டடம் என்று நான் கேட்பதில்லை, அவள் சொல்வதுமில்லை. அவளுடைய அப்பா இறந்த பிறகு நாங்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கதைத்தோம். சாப்பிட்டாயா, ஓம். என்ன சாப்பிட்டாய், ஏதோ ஒன்று. வேலைத்தளத்தில் அவள் பெயர் அபி கூட இல்லை, 'ஆபி'.

அவளுக்கு மேலே உள்ளவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் என்னிடம் கை நீட்டினார். ஆபி முந்திக்கொண்டாள்.

"இவர் வதனி. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இங்கே நமக்கு உதவி செய்வார்" என்றாள் ஆங்கிலத்தில்.

என் பெயரைப் பிழையில்லாமல் சொன்னாள். அந்த ஒன்றில் மட்டும் குறையில்லை.

நானும் "நல்லது, வாருங்கள்" என்றேன். அவளுடைய கண் என்னைக் கெஞ்சியது. எதற்கென்று விளங்காவிட்டாலும் பிள்ளை கெஞ்சினால் தாய் வாயை மூடிக்கொள்வது வழக்கம். மூவரையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். சிவப்புக் கதிரைகளை எண்ணினார்கள். கூரையைப் படம் எடுத்தார்கள். மேடைக்கு வந்ததும் அந்த வெள்ளைக்காரர் காலால் தட்டிப் பார்த்து, "பலகை நல்லாத் தேய்ந்திருக்கிறதே" என்றார்.

"ஆடித் தேஞ்சது" என்று நான் தமிழில் சொன்னேன். ஆபி மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பலகையில் அவளும் ஆடியிருக்கிறாள். பதினாறு வயதில் அவளுடைய அரங்கேற்றம் அங்கேதான். பணிக்காரிக்குப் பாதி வாடகை என்பதால் நடத்த முடிந்தது. இரண்டரை மணி நேரம் ஆடினாள். நடுவில் பிரதம விருந்தினர் உரை. பிள்ளை சலங்கையோடு திரைக்குப் பின்னால் கதிரையில் இருந்து நித்திரையாகிவிட, தில்லானாவுக்கு நான் போய்த் தட்டி எழுப்பினேன்.

4

அன்று பின்னேரம் மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, சொரி. நீங்க என்ர அம்மா எண்டு தெரிஞ்சா என்னை இந்த புரொஜெக்ட்டில இருந்து எடுத்துப் போடுவினம். கொன்ஃப்ளிக்ட் ஒஃப் இன்ட்ரெஸ்ட். இது எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை."

"சரி பிள்ளை. சாப்பிட்டியோ?"

"ஓம்."

அறிக்கையைக் கவுன்சில் இணையத்தில் போட்டபோது ஹிலரிதான் அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். தடித்த புத்தகம். கூரைக் குழந்தைகளுக்கு மட்டும் ஆறு பக்கம். பியர் முதலாளிக்கு நான்கு. பிங்கோவுக்குக் கூட ஒரு பக்கம், பழைய படத்தோடு. எங்களுக்கு ஒரு வரி. 'பிங்கோ மூடப்பட்ட பின் கட்டடம் கலைப் பயன்பாட்டில் இல்லை. அவ்வப்போது தனியார் வாடகை நிகழ்வுகள் மட்டும் இடம்பெறுகின்றன.' அதற்குக் கீழே, எழுதியவர்: ஆபி என்று தொடங்கும் அவளுடைய பெயர்.

நான் அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். ஆங்கிலம் விளங்காமல் இல்லை. மகள் தன் சொந்தக் காலையே வெட்டி எறிந்திருப்பதை நம்புவதற்கு மூன்று முறை வேண்டியிருந்தது.

"வட்டானி, இது பெரிய அநியாயம்" என்றாள் ஹிலரி. "உங்கள் மக்களின் விழாக்கள் எவ்வளவு வைப்ரன்ட்! இதை நிரூபிக்க ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?"

வைப்ரன்ட் என்பது இந்த நாட்டில் எங்களுக்குத் தரப்படும் பட்டம். சத்தம் அதிகம் என்பதை நாகரிகமாகச் சொல்வது. இதே ஹிலரி மூன்று வருடங்களுக்கு முன், முன்மண்டபச் சலவைக்கல்லில் மஞ்சள் கறை, வாசல் தூணில் வாழைமரம் கட்டிய கயிற்றுத் தடம் என்று கம்பனிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியவள். அந்தக் கறையை முழங்காலில் இருந்து தேய்த்தவள் நான். இப்போது அதே கறை அவளுக்கு ஆதாரமாக வேண்டியிருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

ஆதாரம் எங்கே தேடுவது? சங்கங்களிடம் கேட்டேன். ஒரு சங்கச் செயலாளர், எல்லாக் கோப்பும் பழைய செயலாளரிடம் என்றார். பழையவர், பிரிந்துபோன சங்கத்துக்குத் தரமாட்டேன் என்றார். நடன ஆசிரியை ஒருவர் கொம்பியூட்டர் பழுதாகிவிட்டது என்றார். அத்தனை வருட ஆட்டமும் பாட்டும் காற்றோடு போயிருந்தது. அப்போதுதான் எனக்கு டொக்டரின் நினைவு வந்தது.

5

டொக்டர் இராசநாயகத்தின் வீட்டு முன்னறையில் ஓர் அலுமாரி முழுக்கக் கோப்புகள். தன் பெயர் பிரதம விருந்தினர் என்று அச்சான ஒவ்வோர் அழைப்பிதழையும், ஒவ்வொரு சிறப்பு மலரையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, திகதி வாரியாக, மண்டபம் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு நாட்டின் தேசியச் சுவடிக்கூடம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

"ஒப்பெரா ஹவுஸோ? அது நீலக் கோப்பு, தங்கச்சி" என்றார், யோசிக்காமலே. "நாற்பத்தொரு தரம். ஆர்ச்வே கோயில் மண்டபம் பச்சை. ஈஸ்ட் ஹாம் சிவப்பு."

"கொப்பி எடுத்துப்போட்டுத் தாறன், டொக்டர்."

"தாராளமா. ஆனா கவுன்சிலில என்ர பேரை ஸ்பெல்லிங் சரியா எழுதச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பினேன். எத்தனை பிள்ளைகள்! பொய்ச்சடை வைத்து, கன்னத்தில் கை வைத்து, நடராசருக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் இப்போது வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறார்கள். பாடிய பாட்டின் பட்டியல், மிருதங்கம் வாசித்தவர் யார், ஊரிலிருந்து வந்த கலைஞர் யார், எல்லாம் அச்சில் இருந்தது. அந்த மனிதரின் மேடை ஆசையைப் பார்த்து வருடக்கணக்காகச் சிரித்தவள் நான். எங்களில் வேறு யாரும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கூடக் காப்பாற்றி வைத்திருக்கவில்லை.

கோப்பின் நடுவில் ஊதா நிற அழைப்பிதழ் ஒன்று வந்தது. செல்வி அபிராமியின் பரதநாட்டிய அரங்கேற்றம். படத்தில் பெரிய கண்கள்.

இது கவுன்சிலுக்குப் போனால் அறிக்கை அன்றைக்கே செத்துவிடும். கலைப் பயன்பாடு இல்லை என்று எழுதியவளே அங்கே ஆடியவள். அவளுடைய வேலையும் அதோடு போகும். அழைப்பிதழ் போகாவிட்டால் அறிக்கை நிற்கலாம், என் வேலை போகலாம். தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு உறையிலிருந்து உருவி, என் கைப்பையின் உள்பையில் வைத்தேன். நாற்பது போதும் என்று நினைத்தேன்.

6

கவுன்சில் கூட்டம் ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு. உறுப்பினர்கள் அரைவட்டமாக இருந்தார்கள். தலைவர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். ஒரு பக்கத்தில் கம்பனிக்காரர்களோடு அந்த வெள்ளைக்கார மேல் அதிகாரியும் ஆபியும். மறு பக்கத்தில் ஹிலரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் பேச மூன்று நிமிடம். பின்னால் பொதுமக்களுக்கான கதிரைகள். எனக்கு ஒன்று, பட்டுச் சால்வையோடு வந்த டொக்டருக்கு ஒன்று. அவர் முன்வரிசையில்தான் இருப்பேன் என்று நின்று, அதையும் வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் பேச மூண்டு நிமிசம் கூடத் தரமாட்டினமாம், தங்கச்சி" என்று என் காதில் புறுபுறுத்தார். "பிரதம விருந்தினருக்குப் பேச்சில்லாத கூட்டத்தை நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

முதலில் மேல் அதிகாரி பேசினார். கலைப் பயன்பாடு இல்லை என்ற வரியை இரண்டு முறை சொன்னார். ஆபி தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹிலரி எழுந்தாள். நான் கொடுத்திருந்த கோப்பைத் தூக்கிக் காட்டினாள். நன்றாகத்தான் பேசினாள்; எங்கள் நடனங்களின் பெயர்களை அவள் உச்சரித்த விதத்தை மன்னித்துவிடலாம்.

"இதிலே நாற்பது அரங்க நிகழ்ச்சிகளுக்கு அச்சு ஆதாரம் இருக்கிறது. நாற்பது!"

எனக்குப் பக்கத்தில் கதிரை கிரீச்சிட்டது.

"நாற்பத்தொன்று!" என்றார் டொக்டர் ஆங்கிலத்தில், எழுந்து நின்று.

"ஐயா, பார்வையாளர்கள் பேச முடியாது. இருங்கள்" என்றார் தலைவர்.

"மன்னிக்க வேண்டும், மேடம். பிழையான கணக்கு பதிவாகக் கூடாது. நாற்பத்தொரு தடவை. ஒன்று விடுபட்டிருக்கிறது."

நான் அவருடைய சால்வை நுனியைப் பிடித்து இழுத்தேன். "டொக்டர், இருங்கோ. பிறகு கதைப்பம். இருங்கோ டொக்டர்."

சால்வைதான் என் கையோடு வந்தது. அவர் விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். எந்த மாதம், எந்தப் பிள்ளை, எந்த ஆசிரியை. மண்டபத்தைச் சுற்றிப் போன அவருடைய கண் எதிர்ப்பக்கத்தில் நின்றது. முகம் மலர்ந்தது.

"அட, இந்தப் பிள்ளைதானே! எங்கட வதனியின்ர மகள்!" என்று தமிழில் கூவி, பிறகு சபையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், இந்த இளம் பெண்ணின் அரங்கேற்றம் அதே மேடையில்தான் நடந்தது. நான் பிரதம விருந்தினர். ஐம்பது நிமிடம் பேசினேன். மிக நல்ல உரை. இவரே சாட்சி."

அவர் உரை நிகழ்ந்த நேரம் முழுக்க அந்தச் சாட்சி நித்திரை. ஆனால் இப்போது விழித்திருந்தாள். சபை முழுக்க அவளைப் பார்த்தது.

தலைவர் கண்ணாடிக்கு மேலால் கேட்டார். "இது உண்மையா? நீங்கள் அந்தக் கட்டடத்தில் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறீர்களா?"

ஆபி தன் காகிதங்களை மூடி வைத்தாள். மேல் அதிகாரி அவள் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"ஆம்" என்றாள்.

"உங்களுக்கு அந்தக் கட்டடத்தோடு வேறு தொடர்பு ஏதும் உண்டா?"

"அங்கே பராமரிப்பாளராக இருப்பவர் என் அம்மா." கையை நீட்டினாள். "அதோ இருக்கிறார், சால்வையைப் பிடித்துக்கொண்டு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்து, வேறொரு நிறுவனத்தைக் கொண்டு புதிய அறிக்கை எழுதச் சொன்னார். டொக்டர் இராசநாயகம் தன் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான உரையை நிகழ்த்தி முடித்து, திருப்தியோடு சால்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

7

கவுன்சில் கட்டடத்துப் படிக்கட்டில் ஆபி தனியாக நின்றாள். மேல் அதிகாரி டாக்சியில் ஏறிப் போய்விட்டார், அவளை ஏற்றவில்லை.

"நீங்கதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"கோப்பு அவரிட்ட வாங்கினது நான். ஆனா உன்ர கார்ட்டை எடுத்து வைச்சிட்டன்."

கைப்பையைத் திறந்து காட்டினேன். ஊதா அட்டையை அவள் பார்த்தாள். தொடவில்லை.

"அப்ப உங்களுக்கு வேலை போயிருக்குமே, அம்மா."

"போயிருக்கும்."

"எழும்பி நிண்டு நீங்களே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

"நீ ஏன் எழுதேல்லை?"

அவள் படியில் இருந்துவிட்டாள். நல்ல உடுப்போடு, அந்த ஊத்தைப் படியில்.

"அந்த ஃபோர்மில எவிடன்ஸ் எண்டு ஒரு கட்டம் இருக்கு அம்மா. புரோகிராம், பேப்பர் ரிவியூ, ஆர்க்கைவ். தேடிப் பார்த்தன். இங்கிலிஷில ஒண்டும் இல்லை. பேப்பரில இல்லாட்டி எங்கட வேலையில அது நடக்கேல்லை."

"நீ ஆடினது உனக்குத் தெரியும்தானே?"

"நான் எவிடன்ஸ் இல்லையம்மா. நான் கொன்சல்டன்ட்."

சொல்லிவிட்டு அவளே ஒரு மாதிரிச் சிரித்தாள். சிரிப்பு அரைவழியில் உடைந்து அழுகையானது. அவளை நான் அப்படிப் பார்த்துப் பல வருடம். தலையைத் தடவப் போனேன். தலைமயிருக்கு ஏதோ பூசியிருந்தாள், கை ஒட்டியது.

"என்னை அம்மா எண்டு சொல்லாதது எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லமாட்டன்" என்றேன். "கோவம்தான். அந்த ஒரு வரி அதைவிடக் கோவம். ஆனா பிள்ளை, அதுக்காக உன்னை நான் நாலு பேருக்கு முன்னால பிடிச்சுக் குடுப்பனோ?"

"அவர் குடுத்திட்டார்."

"அவருக்கு நாற்பத்தொண்டு முக்கியம்."

இருவரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். அன்று அவள் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

அவளுடைய வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பழைய கட்டடங்களிலிருந்து மாற்றி, கழிவுநீர்க் குழாய் அறிக்கைகள் எழுத வைத்திருக்கிறார்கள். அதிலே ஆடிய ஆட்கள் யாரும் இல்லாததால் நிம்மதி என்கிறாள்.

8

ஒப்பெரா மாளிகை காப்பாற்றப்பட்டது. புதிய அறிக்கையில் எங்களுக்கு ஒன்பது பக்கம். மரபுரிமைக் கட்டடம் என்ற பாதுகாப்பும் கிடைத்தது. ஹிலரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பாதுகாப்போடு நிபந்தனைகளும் வந்தன. பாரம்பரியம் மிக்க உட்புறம் என்பதால் நெருப்புக் கூடாது. குத்துவிளக்கைப் பற்றரியில் எரிக்கலாம். மேடைப் பலகையில் அரிசி, மஞ்சள், பூ கூடாது. தூணில் எதையும் கட்டக் கூடாது. கப்பிகளைத் தொடக் கூடாது. உள்ளே சாப்பாடு கூடாது. கடைசியாக, சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் சுவரில் உள்ள கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும். முதல் அரங்கேற்றத்தில் அது நட்டுவாங்கம் தொடங்கிய உடனேயே நிறுத்தியது.

இரண்டு மாதத்தில் எங்கள் ஆட்கள் போய்விட்டார்கள். பெரிய வீதிக்கு அப்பால், சோபா விற்ற பழைய கிடங்கு ஒன்றை மண்டபமாக்கியிருக்கிறார்கள். ஐந்நூறு காருக்கு இடமாம், எதையும் எரிக்கலாமாம். திறந்து வைத்தவர் டொக்டர் இராசநாயகம். அதற்கு மஞ்சள் கோப்பு.

எங்கள் மேடையில் உண்மையான ஒப்பெரா ஒன்றும் கடைசியில் நடந்தது. பாதிக் கதிரை காலி. வந்தவர்கள் இடைவேளை வரை கூரையைப் பார்த்தார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். மேடையில் ஒரு பெண் இருமி இருமிச் செத்தாள். சாகும்போது அவள் பாடியது ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், முடியும் வரை திறப்புக் கோர்வை சத்தம் போடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தங்கையிடம் சொன்னபோது, "இப்பதானோ முதல் தரம் கேட்டனீங்கள்?" என்று அவள் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

என் வேலையும் மாறிவிட்டது. இப்போது சனிக்கிழமைகளில் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டடத்தைக் காட்டுகிறேன். முன்மண்டபச் சுவரில் புதிதாக ஒரு கண்ணாடிப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'பிங்கோவுக்குப் பின்: தமிழர் காலம்.' நடனப் பிள்ளைகளின் படங்கள், இரண்டு பந்தி எழுத்து.

போன சனி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் அதன் முன்னால் நெடுநேரம் நின்று வாசித்தாள். கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். உள்ளூர் வரலாறு எழுதுகிறாளாம்.

"தமிழர்கள் இங்கே இருந்த காலத்தில் நீங்கள் வேலை செய்தீர்களா?" என்று கேட்டாள்.

"செய்தேன்."

"அவர்களில் யாரையாவது தெரியுமா?"

"ஓரிருவரைத் தெரியும்."

"எப்படிப்பட்ட மனிதர்கள்?"

மேடைப் பக்கம் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுவரில் இருந்த கருவியின் பச்சை வெளிச்சம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டி, அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள்.